வெறும் பெயர்

"பேரைச் சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பேர்தானே?"

கபஹெண்டா மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 

கட்டிலில் அவர் கணவர் ருசோகே ஐந்து வாரமாக நினைவில்லாமல் கிடந்தார். தேயிலை லாரி ஓட்டுபவர். லாரி பள்ளத்தில் உருண்டதில் தலையில் அடி.

"அத்யேரின்னு கூப்பிட்டா ஆகாதா, டாக்டர்?"

நான் டாக்டர் இல்லை, மெஷின் ஓட்டுகிறவன். அப்படிக் கூப்பிடுகிறவர்களை நான் திருத்துவதும் இல்லை.

"ஆகாதும்மா. இந்த வார்டுலயே நாலு அத்யேரி இருக்காங்க."

உண்மைதான். எங்கள் தோரோ இனத்து ஜனங்களுக்கு ஆளுக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடத்துக்கும் போலீசுக்கும் ஒன்று. பாசத்துக்கும் மரியாதைக்கும் இன்னொன்று, அதை எம்பாகோ என்போம். ருசோகேயின் எம்பாகோ அத்யேரி. எம்பாகோ மொத்தமே ஒரு டஜன்தான். ஊரே அதைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. சோதனைக்கோ நோயாளிக்கு மட்டுமே சொந்தமான பெயர் வேண்டும் என்று படிவத்தில் போட்டிருந்தது.

சோதனை எளிது. தலையில் கம்பிகளை ஒட்டி, காதில் ஹெட்போன் மாட்டி, நெருங்கியவர் குரலில் பதிவு செய்த பெயரை ஓட விடுவோம். நடுநடுவே வேறு பெயர்கள். தன் பெயர் வரும்போது மூளை விழித்துக்கொண்டால் திரையில் கோடு எழும்பும். எழும்பினால் ஆள் உள்ளே இருக்கிறார், கட்டில் அவருக்குத்தான். எழும்பாவிட்டால் வீட்டுக்கு. அந்தக் கட்டிலுக்காக வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

"இருபத்தாறு வருஷத்துல நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல, டாக்டர். சண்டையிலகூட."

எனக்கு எரிச்சல் வந்தது. "இப்ப உங்களை யாரு சண்டை போடச் சொன்னா? நீங்க பிடிவாதம் பிடிச்சா நஷ்டம் அவருக்குத்தான்."

கபஹெண்டா துணியால் முகத்தை மூடிக்கொண்டார். "ருசோகே."

"தெளிவா. இன்னொரு தடவை."

"ருசோகே."

பெண்டாட்டி புருஷனை வெறும் பெயரால் கூப்பிட்டால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். இனி நீ எனக்கு யாரோ. நானும் தோரோக்காரன், எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பதினோரு சுற்று ஓட்டினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே இரண்டு நிமிட ஓய்வு. ஓய்வில் நான் டீ குடித்தேன். அவர் ஹெட்போனை விலக்கிவிட்டுக் கணவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு நேரம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஒரு சுற்றிலும் கோடு எழும்பவில்லை. 'பதில் இல்லை' என்று எழுதினேன். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஒரு வாடகை வண்டியின் பின்னால் மெத்தை போட்டு ருசோகேயை ஏற்றிப் போனார்கள். வீட்டில் நெஞ்சுச் சளி கட்டி ஒன்பதாம் நாள் இறந்துவிட்டார் என்று தெரிந்தது.

அடுத்த மாதம் பழைய பதிவுகளைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். ஓய்வு நேரப் பகுதிகளை வெட்டி எறிந்துவிடுவது வழக்கம். ருசோகேயின் பதிவை வெட்டப் போகும்போது, எழும்பக் கூடாத இடத்தில் கோடு எழும்பியிருந்தது கண்ணில் பட்டது. கோட்டோடு சேர்ந்து அறையின் சத்தமும் பதிவாகும், அதைப் போட்டுக் கேட்டேன்.

"அத்யேரி, மன்னிச்சுடுங்க. இவங்கதான் அப்படிச் சொல்லச் சொல்றாங்க. என் மனசுல அப்படி இல்ல."

'அத்யேரி' என்ற இடத்தில் கோடு எழும்பியிருந்தது. அவர் பேசி முடிக்கும்வரை அடங்கவில்லை. அடுத்த ஓய்விலும் அப்படியே. பத்து ஓய்வு, பத்து மன்னிப்பு, பத்து தடவையும் எழும்பியிருந்தது.

மனிதர் உள்ளேதான் இருந்திருக்கிறார். பக்கத்திலேயே நான் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். 

அந்த வாரமே கபஹெண்டா வந்தார், இறப்பைப் பதிய ஆஸ்பத்திரிக் கடிதம் வாங்க. சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"டாக்டர், அன்னைக்கு அவருக்கு எதுவும் கேக்கலன்னு எழுதினீங்களே. அது நிச்சயம்தானா?"

"ஏம்மா கேக்கறீங்க?"

"அந்தப் பேரை என் குரல்ல அத்தனை தடவை போட்டீங்க. காதுல விழுந்திருந்தா, இவளும் என்னைக் கைவிட்டுட்டாள்னு நெனச்சுக்கிட்டே போயிருப்பாரே. அதை நெனச்சா எனக்குத் தூக்கமே இல்ல."

கேட்டது என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். கேட்டுக்கொண்டிருந்த மனிதரை ஏன் வீட்டுக்கு அனுப்பினீர்கள்? பொய் சொல்வது என்று முடிவெடுத்தேன். இந்த அம்மாவின் நிம்மதிக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"கேக்கலம்மா. ஒண்ணுமே கேக்கல."

"நல்லவேளை" என்று பெருமூச்சு விட்டார். என் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கதவுவரை போனவர், நின்று திரும்பினார்.

"அப்போ, நான் மன்னிப்புக் கேட்டதும் அவருக்குக் கேட்டிருக்காது. இல்லையா, டாக்டர்?"