“என்ன தம்பி, ஊருக்கா?”

“என்ன தம்பி, ஆபீஸுக்கா?”

சட்டையை இன் பண்ணி, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டி, ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு பைக்கை உதைக்கும்போதுதான் எதிர்வீட்டு மாயக்காள் கேட்பாள்.

சின்னமனூருக்குக் குடிவந்த நாளிலிருந்து கர்ணனுக்கு இதே பாடு.

காய்கறிப் பையோடு வந்தால், “மார்க்கெட்டுக்கா?” தலையைத் துவட்டிக்கொண்டு நின்றால், “குளிச்சாச்சா?” தெருவே இருட்டில் கிடக்கும்போது, “ஒங்க வீட்லயும் கரண்ட் இல்லையா தம்பி?”

“கண்ணுக்கு முன்னால தெரியுறதை எதுக்குக் கேக்கணும்? மனுசனுக்குக் காமன் சென்ஸ்னு ஒண்ணு வேணாமா?” என்று மனைவி மகாலட்சுமியிடம் பொருமுவான்.

“பேசுறதுக்கு ஒரு சாக்குங்க. ‘ஆமாக்கா’ன்னு சொல்லிட்டுப் போனா ஒங்களுக்கு வாய் வலிக்குமா?”

கர்ணனுக்கு வலித்தது. அதனால் ஏட்டிக்குப் போட்டியாகப் பதில் சொல்ல ஆரம்பித்தான்.

“குளிச்சாச்சா தம்பி?”

“இல்லக்கா, மழை. எங்க வீட்டுக்குள்ள மட்டும் பெய்யுது.”

பஞ்சரான பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்த அன்று, “வண்டி ஓடலையா தம்பி?”

“நல்லா ஓடுதுக்கா. ஒடம்பு வச்சிருச்சு, அதான் வாக்கிங் கூட்டிட்டுப் போறேன்.”

மாயக்காள் கோபித்துக்கொண்டதே இல்லை. வாயைப் பொத்திச் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். மறுநாள் காலையில் மறுபடியும், “ஆபீஸுக்கா?” கர்ணனும் தன் பதில்களை ஆபீஸில் சொல்லிக்காட்டிக் கைதட்டல் வாங்கிவிடுவான்.

அன்றைக்கு அவன் மதுரைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. ஆபீஸ் ட்ரெயினிங். சட்னியில் உறைப்பு அதிகம் என்று ஆரம்பித்த பேச்சு, மகாலட்சுமியின் அண்ணன் வரைக்கும் போய், தெருவுக்கே கேட்டுவிட்டது. கர்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பெரிய பையோடு வாசலில் இறங்கினான்.

“என்ன தம்பி, ஊருக்கா?”

“சுருளி மலைக்குக்கா. சாமியாராப் போறேன். இனி திரும்பி வரமாட்டேன், யாரும் தேடாதீக.”

மாயக்காள் சிரிக்கவில்லை. அவன் அதைக் கவனிக்கவுமில்லை. இன்றைக்கு நல்ல பதில் வந்து விழுந்த திருப்தியில் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தான்.

மதுரை பஸ்ஸில் ஜன்னலோர சீட்டே கிடைத்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்த நேரத்தில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்து நின்றது.

“சுருளிக்குப் போற கம்பம் பஸ் பூராத் தேடியாச்சு. இந்தா, இங்கன இருக்காக!” என்று கத்தினான் ஆட்டோ ஓட்டி வந்த சங்கிலி.

ஆட்டோவிலிருந்து மாயக்காள் குதித்தாள். பின்னாலேயே நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு மகாலட்சுமி.

மாயக்காள் பஸ்ஸில் ஏறி நேராக வந்து கர்ணனின் பையைப் பிடித்துக்கொண்டாள்.

“எறங்குங்க தம்பி. எதுவா இருந்தாலும் வீட்ல பேசிக்கிருவோம்.”

“என்னம்மா பிரச்சினை?” என்றார் கண்டக்டர்.

“வீட்ல சண்டை போட்டுட்டு இந்தத் தம்பி சாமியாராப் போறாக.”

மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. பின் சீட்டில் ஒருவர் செல்போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார்.

“ட்ரெயினிங்னு நான் எம்புட்டோ சொல்லிட்டேங்க. கேக்க மாட்டேங்குறாக,” என்றாள் மகாலட்சுமி, ஜன்னலுக்கு வெளியே நின்றபடி.

“நீ சும்மா இரு ஆத்தா. பொண்டாட்டிகிட்ட யாரு நெசத்தச் சொல்லிட்டுப் போறாக?”

கர்ணனுக்குக் காதெல்லாம் சூடானது. “அக்கா, சுருளி தெக்க இருக்கு. நான் வடக்க போற பஸ்ல உக்காந்திருக்கேன். அதுகூடவா தெரியல?”

“யாரும் தேடி வந்திரக் கூடாதுன்னு மாத்தி ஏறிட்டீகளோ என்னமோ!”

பஸ் குலுங்கிச் சிரித்தது. வேறு வழியில்லாமல் கர்ணன் போனில் வந்திருந்த ட்ரெயினிங் தகவலை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினான்.

“ட்ரெயினிங்தாம்மா. நாளைக்கழிச்சு வந்துருவாக,” என்றார் அவர்.

மாயக்காளின் பிடி தளர்ந்தது. ஆனாலும் பையை விடவில்லை.

“நெசமா வந்துருவீகளா தம்பி?”

அடக்கி வைத்திருந்ததெல்லாம் கர்ணனுக்கு வெடித்துவிட்டது.

“கிண்டலுக்குச் சொன்னதுன்னு சின்னப்புள்ளைக்குக்கூடப் புரியும்க்கா! சாமியாராப் போறவன் எவனாச்சும் எதுத்த வீட்ல சொல்லிட்டா போவான்? ஊரே பாக்க மானத்த வாங்கிட்டீக. கொஞ்சமாச்சும் காமன் சென்ஸ் வேணாம்?”

முன் சீட்டில் இருந்த பெரியவர் கோட்டைச்சாமியும் சேர்ந்துகொண்டார். “ஒருத்தர் வேடிக்கையாப் பேசுனா, சிரிச்சுட்டு விட்டுறணும் தாயி. பஸ்ஸையா மறிப்பாக? நேரத்துக்கு நான் மருந்து வாங்கப் போக வேணாமா?”

“எறங்குங்கம்மா, நேரமாச்சு,” என்றார் கண்டக்டர்.

மாயக்காள் பையை மெதுவாகக் கர்ணனின் மடியில் வைத்தாள். படிவரைக்கும் போனவள், கோட்டைச்சாமி பக்கம் திரும்பினாள்.

“சிரிச்சேன்யா. எங்க வீட்டுக்காரக இதே வார்த்தையச் சொல்லிப் பையத் தூக்குனப்ப, நானும் சிரிச்சுக்கிட்டேதான் வழியில திங்க முறுக்குக் கட்டிக் குடுத்தேன். இன்னும் வரல.”