அறுபத்து மூன்றாவது அழைப்பு

நிலநடுக்கம் நின்று ஒரு மணி நேரம் ஆகியும் ஆய்வு மைய அதிகாரியின் மேஜையில் தொலைபேசி ஓயவில்லை. பூமிக்கடியில் இரண்டு பாறைத் தட்டுகள் உரசிக்கொண்டால் அவருக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் கிடைக்காது. கூப்பிட்டவர்களிடம் எல்லாம் அதே கேள்விகளைக் கேட்டு, படிவத்தில் டிக் அடித்துக்கொண்டிருந்தார்.

அறுபத்து மூன்றாவதாக ஒரு பெண். தொண்டையில் தூசி அடைத்து, வார்த்தைக்கு வார்த்தை இருமினாள்.

“சுவர்ல விரிசல் இருக்கா?”

“ரெண்டு இடத்துல.”

“யாருக்காவது அடி?”

“பொண்ணு மேஜைக்கு அடியில பூந்துட்டா. ஒரு கீறல்கூட இல்ல.”

“கெட்டிக்காரி. ஏதாவது விழுந்துச்சா?”

“துணி அலமாரி. அவ படுக்கிற கட்டில் மேல.”

அதிகாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அலமாரியைச் சுவரோட சேர்த்து ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிறோமே! காதுல போட்டுக்கவே மாட்டீங்களா?”

“நானும் ஒரு வருஷமா என் வீட்டுக்காரர்கிட்ட அதைத்தான் சொல்றேன்.”

“போனை அவர்கிட்ட குடுங்கம்மா. நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கிறேன்.”

எதிர்முனையில் தொண்டையைச் செருமும் சத்தம். இருமல் நின்று தெளிவாக வந்த அவள் குரல், அதிகாரி தினமும் தன் வீட்டில் கேட்கும் குரல்.

“அவர் கையிலதாங்க போன் இருக்கு. கேளுங்க.”