காற்றில்லாத இடத்தில் அலறல்

“இன்னொரு டேக் போலாம் மேடம். ராட்சசப் புழு உங்க ஹெல்மெட்டை உடைச்சிட்டு உள்ள வருது. அடிவயித்துலேர்ந்து அலறுங்க” என்றார் டைரக்டர்.

கண்ணாடிக்கு அப்பால் டப்பிங் பேசும் பெண் தலையாட்டிவிட்டு மைக்கை நெருங்கினாள். காலையிலிருந்து அலறிக்கொண்டிருக்கிறாள்.

“வேண்டாம்” என்றார் பேராசிரியர். படத்துக்கு அறிவியல் ஆலோசகர் அவர்தான். “விண்வெளியில ஹெல்மெட் உடைஞ்சா காத்து ஏது? காத்து இல்லாம அலறல் எப்படி சார் கேக்கும்?”

டைரக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஜனங்க பயப்படத்தான் சார் தியேட்டருக்கு வராங்க, பாடம் படிக்க இல்ல. போன சீன்ல விண்கலமே கொழுந்துவிட்டு எரிஞ்சுது. அப்போ நீங்க வாயைத் திறக்கலையே?”

“அது போகட்டும். இந்த அலறல் இருந்தா, டைட்டில்லேர்ந்து என் பேரை எடுத்துடுங்க.”

‘முழுக்க முழுக்க அறிவியல்’ என்று போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. மல்லுக்கு நிற்க டைரக்டருக்கும் தெம்பில்லை. “சரி, சத்தமே இல்லாம போகட்டும். மேடம், நீங்க கிளம்பலாம்.”

வாசலில் பேராசிரியர் காரைக் கிளப்பியபோது, டப்பிங் பெண் முன்கதவைத் திறந்து அவர் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். குரல் கரகரத்தது.

“ஏங்க, காத்து இல்லாத இடத்துல தீயும்தான் எரியாது. அதை மட்டும் ஏன் விட்டீங்க?”

அவர் மனைவியிடம் ஃபிளாஸ்க்கை நீட்டினார்.

“தீ எரிஞ்சா உன் தொண்டையா புண்ணாகப் போகுது? பேசாம வெந்நீரைக் குடி.”