காசிநாதனுக்குப் பிடித்த ஆட்டம்

செத்து முப்பது நாளான காசிநாதன் உள்ளே டி.வி. கேம் ஆடிக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற பங்காளிகள் அத்தனை பேரும் அப்படித்தான் நம்பினார்கள். பட்டப்பகல் பன்னிரண்டு மணி வெயிலிலும் ஒருவரும் நிழலுக்கு ஒதுங்கவில்லை.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து ‘பக், பக், பக்’ என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. திரையில் ஒரு மஞ்சள் வாய் சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளை விழுங்கும். நாலு பேய்கள் அதைத் துரத்தும். கையிலிருக்கும் குச்சியை யாராவது அசைத்தால்தான் அந்த வாய் நகரும், இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே பேயிடம் மாட்டிக்கொள்ளும். மஸ்கட்டிலிருந்து கலர் டி.வி.யோடு காசிநாதன் கொண்டுவந்த ஆட்டம் அது. வந்த நாலாம் மாதமே மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது.

அவன் மனைவி மலர்கொடிக்கு மட்டும் பயமில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். அழுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் சிரிப்பை அடக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் கொழுந்தன் கொளஞ்சியப்பன் வாயால் வந்த வினை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவன் பங்காளிகளைக் கூட்டிவைத்துப் பேசினான். பிள்ளைகுட்டி இல்லாதவளுக்கு இத்தனை பெரிய வீடு எதற்கு, செட்டிகுளத்துக்கு அம்மா வீட்டுக்கே போகட்டும் என்றான். காசிநாதன் மஸ்கட்டில் இருக்க, கொத்தனாரோடு மல்லுக்கட்டி, மலர்கொடி கூடவே நின்று கட்டிய வீடு அது. அவர் இருந்தால் என்னைப் போகச் சொல்வாரா என்று அவள் அழுதுகொண்டே கேட்டாள்.

“அண்ணன் வந்து சொல்லட்டும் அண்ணி. அதுக்கப்புறம் நான் வாயத் தொறக்கல,” என்றான் அவன்.

அந்தப் பேச்சை மாமியார் முத்தாயி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சின்ன மகன் மேல் மருமகளைவிட அவளுக்குத்தான் ஆத்திரம். முப்பதாம் நாள் படையலில் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போகும்வரை பொறுத்திருந்து, மூன்று தரம் தட்டித்தான் திறப்பார்கள். ஆட்டுக்கறி, சிகரெட்டு, சென்ட் பாட்டிலோடு அந்த டி.வி. ஆட்டத்தையும் போட்டு வைத்தே ஆகணும் என்று முத்தாயி ஒற்றைக்காலில் நின்றாள்.

மாமியாரும் மருமகளும் போட்ட திட்டம் இவ்வளவுதான். மலர்கொடி கொல்லைக்கதவின் தாழை நீக்கி வைப்பாள். முத்தாயி, பார்க்க மனசு தாங்கவில்லை என்று சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய், அந்த வழியாக உள்ளே நுழைந்து ஆடுவாள்; கதவு தட்டுகிற சத்தம் கேட்டதும் வந்த வழியே நழுவிவிடுவாள். பத்து நாளாக மத்தியான வேளையில் மருமகள்தான் குச்சியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். பாவம், முத்தாயி எத்தனை தரம் ஆடினாலும் அரை நிமிடம் தாண்டாது.

இன்றைக்கோ ஐந்து நிமிடத்துக்கு மேலாகிவிட்டது. அத்தை பலே ஆள்தான் என்று மலர்கொடி நினைத்துக்கொண்டாள்.

திடீரென்று உள்ளே சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு ‘விர்ர், விர்ர்’ என்று நாலு தரம், நாலு பேயையும் வாய் விழுங்குகிற சத்தம் வந்தது.

காசிநாதன் ஆடுவது அப்படித்தான். பெரிய புள்ளிக்குப் பக்கத்தில் மூலையில் அசையாமல் நிற்பான். ஓடுங்களேன் என்று மலர்கொடி பக்கத்திலிருந்து பதறுவாள். நாலு பேயும் கிட்டே வந்தபிறகுதான் அந்தப் புள்ளியை விழுங்கிவிட்டு, திரும்பி அதுகளைத் துரத்துவான். இதை அவள் மாமியாருக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. பெற்றவள் அல்லவா, மகன் ஆடும்போது பார்த்து வைத்திருப்பாள் போல என்று நினைத்தாள். இப்போது நிஜமாகவே அழுதாள்.

மூன்று தரம் தட்டிக் கதவைத் திறந்தார்கள். உள்ளே ஆளில்லை. இலைக்குப் பக்கத்தில் குச்சி கிடந்தது; திரையில் இருபத்தாறாயிரம் பாயிண்டு நின்றது. கொளஞ்சியப்பன் நிலைப்படியிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“அண்ணன் சொல்லிட்டாரு அண்ணி. இது உங்க வூடு. நீங்க எங்கயும் போவ வேணாம்,” என்றான். பங்காளிகள் தலையாட்டினார்கள். பெரியவர் ஒருவர் திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தபிறகு மலர்கொடி பக்கத்துச் சந்து வழியாக மாட்டுக்கொட்டகைக்கு ஓடினாள். முத்தாயி கட்டுத்தறியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மலர்கொடி அவள் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீடு நமக்குத்தான், கொளஞ்சியப்பனே சொல்லிவிட்டான் என்று விவரத்தையெல்லாம் மூச்சுவாங்கச் சொன்னாள்.

“எப்படி அத்தே அப்படி ஆடுனீங்க? அச்சு அசல் அவரு ஆடுற மாதிரியே இருந்துச்சு.”

முத்தாயி மருமகளின் முகத்தையே பார்த்தாள்.

“நாய் நுழையுமேன்னு யாரோ கொல்லக்கதவ உள்ள தாழ் போட்டுட்டாங்க தாயி. நீதான் ஆடுறேன்னுல்ல நான் நெனச்சேன்.”