வரன் வராத காரணம்

"ஆறு மாசமா எம் பொண்ணுக்கு ஒரு ஜாதகம்கூட வரலைங்க! ஊர் உலகத்துக்கெல்லாம் வரன் பார்க்குற இடத்துல வேலை செய்யிற புள்ளைக்கே இந்தக் கதியா?"

கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்த அந்தத் திருமண சேவை நிலையத்தில் புஷ்பம் போட்ட சத்தத்தில், முதலாளி நடராஜா கதிரையை விட்டே எழுந்துவிட்டார். அங்கே வேலை செய்யும் புஷ்பத்தின் மகள் சஞ்சீவனி கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்து மேசையில் இருந்த சதீஸ் எதையோ தேடுவதுபோல் இழுப்பறைக்குள் தலையை விட்டான்.

கல்யாணமாகாத ஊழியர்களின் ஜாதகங்களையும் இலவசமாகச் சேர்த்துவிடுவது முதலாளியின் வழக்கம்; சஞ்சீவனி, சதீஸ் இருவருடையதும் அதில் இருந்தன. தினமும் காலையில் டேட்டாபேஸுக்குள் இருக்கும் புரொசீஜர் என்ற கட்டளைத் தொகுப்பு தானாகவே ஓடி, பொருந்தும் ஜாதகங்களை இரு வீட்டாருக்கும் அனுப்பிவிடும். அதை எழுதியவன் சதீஸ். சஞ்சீவனியின் பதிவு எண்ணை மட்டும் தாண்டிப் போ என்று அதில் ஒரு வரியைச் செருகியவனும் அவன்தான். ஆசை மலையளவு, அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை, பாவி!

"யாரோ அந்தப் புரொசீஜர்ல கை வச்சிருக்காங்க," என்றார் நடராஜா. "யாருன்னு தெரிஞ்சா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். சஞ்சீவனி, நீ தொறந்து பாரும்மா. எழுதினவன் கண்ணுக்கு அவன் தப்பு தெரியாது."

"நானே பார்க்கிறேனே சார்..." சதீஸ் பாதி எழுந்தான்.

"நீ சும்மா இருப்பா."

அவள் திறந்தாள். வரி வரியாகப் படித்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் சதீஸ் தவித்தான். வேலையும் போச்சு, அவளும் போச்சு!

"ஒண்ணுமில்ல சார். நாந்தான் பொறந்த வருசத்தப் பிழையா பதிஞ்சிருக்கேன். மெஷின் என்னையப் பத்து வயசுப் புள்ளைன்னு நெனச்சிருக்கு. இப்பவே திருத்திடுறேன்."

"நல்ல கெட்டிக்காரி போ!" என்று புஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள். நடராஜா சிரித்தபடியே அவளைப் பிளேன்டீ குடிக்க உள்ளே கூட்டிப் போனார்.

சதீஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அந்த வரியப் பார்த்தீங்கதானே? ஏங்க காட்டிக் குடுக்கல?"

"அத ரெண்டு மாசத்துக்கு முந்தியே பார்த்துட்டேன். எழுதினவருதான் அப்புறம் தொறந்தே பார்க்கல," என்று சஞ்சீவனி திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

அவனுடைய வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது; அது தாண்டிப் போகச் சொன்ன எண், சதீஸுடையது.