பின்சக்கரத்துச் சத்தம்

"கடகடகட!"

திருப்பத்தில் பின்சக்கரம் போட்ட சத்தத்தில் இளைஞன் வேகத்தைக் குறைத்தான். கல்லூரி நாளிலிருந்து ஏங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்! வாங்க நினைத்து ஓட்டிப் பார்த்தவன், சுரத்தில்லாமல் வீட்டு வாசலில் நிறுத்தினான். சாவி கொடுத்த அம்மாள் உள்ளே இருந்தாள்.

சுவரில் சாய்ந்திருந்த வழுக்கைத்தலைக்காரர் சிரித்தார்.

"நீங்களும் கார் பார்க்கத்தான் வந்தீங்களா சார்?"

"பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு தம்பி! ரெண்டாவது கியர் விழுறதுக்குள்ள விடிஞ்சிடும். கிளட்சை விட்டா உதைக்குது. இப்போ ஆக்ஸிலும் போச்சு, சத்தம் கேட்டீங்கல்ல?"

"கிளட்ச் நல்லாத்தானே இருந்துச்சு..."

"ஆசை வந்தா கண்ணும் தெரியாது, காதும் கேக்காது! வாங்குங்க, தாராளமா வாங்குங்க. கழுதைக்கு வாக்கப்பட்டுட்டு உதைக்குப் பயப்படலாமா?"

இளைஞனின் முகம் தொங்கிப்போனது. "அந்த அம்மாகிட்ட கொடுத்துடுங்க சார்" என்று சாவியை அவரிடமே நீட்டிவிட்டு நடந்தான். கேட்டைத் திறக்கும்போது அம்மாளின் குரல் முதுகில் விழுந்தது.

"தம்பி, நில்லுங்க! ஏங்க, பின்சக்கர மூடிக்குள்ள நீங்க போட்ட நட்டை மரியாதையா வெளியே எடுங்க. உங்க காரை விக்க உங்களுக்கு மனசில்லைன்னா, வர்றவன் மனசையெல்லாம் ஏன் உடைக்கிறீங்க?"