காயாத மெருகு

"இதுக்குள்ள அடுத்த பூச்சா? நேத்துப் பூசினதே இன்னும் ஒட்டுது!"

இர்மா விரல் நுனியை வால்நட் மரக் கதவிலிருந்து எடுத்து, கணவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

ஃபெர்மோ துணிப்பொதியை அரக்குக் கரைசலில் தோய்த்தபடி, "அதெல்லாம் காஞ்சிருச்சு. தள்ளி நில்லு," என்றான்.

"இத்தனை வருஷம் தச்சனோட குடும்பம் நடத்தியிருக்கேன். எனக்கே கதை சொல்றியா?"

கான்ட்டூ ஊர்த் தச்சர்களிடையே ஃபெர்மோவின் நிதானம் பேர்போனது. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே மரத்தைத் தூங்க விட வேண்டும் என்பான். மிலான் மில் முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு மேசை போய்ச் சேராமல், விருந்தாளிகள் நின்றுகொண்டே சாப்பிட்ட கதையை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. அப்படிப்பட்டவன் இப்போது சொந்த வீட்டு வரவேற்பறையை விரட்டி விரட்டிச் செய்துகொண்டிருந்தான்.

கல்யாணமான நாளிலிருந்து இர்மா கேட்ட அறை. "முதல்ல ஊரார் வேலை" என்று தள்ளிக்கொண்டே வந்தவன், தவக்காலத் தொடக்கத்தில் ஒரு காலை அளவு நாடாவோடு வந்து நின்றான். இப்போது பேரி மரத்தை இழைத்துப் பதித்த பூங்கொடி கதவெல்லாம் ஓடுகிறது. சோபாவின் கால்களில் செதுக்குவேலை. சன்னலுக்குக் கோமோ நகரத்துப் பட்டு வாங்கித் திரை போடுவதாகத் திட்டம்.

"யார் வரப் போறா?" என்றாள்.

"யாரும் வரலை."

"அப்புறம் எதுக்கு இந்த ஓட்டம்?"

"நீ உக்காரத்தான். முடிஞ்சதும் தினமும் இங்கயே உக்காரு. காப்பியை இங்கயே குடி."

இர்மா இடுப்பில் கை வைத்தாள். "தினமுமா? இந்தச் சோபாவுலயா? உங்கம்மா வெள்ளைத் துணி போட்டு மூடி வெச்சு, பங்குச் சாமியார் வந்தா மட்டும்தான் எடுப்பாங்க. அந்த வீட்டுப் பிள்ளை பேசுற பேச்சா இது?"

அவன் துணிப்பொதியை மறுபடி தோய்த்தான். வயிற்றுப் புண்ணுக்கு டாக்டர் கொடுத்த பொடி கலந்த தண்ணீரை அவள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தம்ளரை ஓரமாக வைத்தாள். சண்டைக்குத் தயாராகிவிட்டாள் என்று அர்த்தம்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. கறிக்கடை பாத்திஸ்தா என்னைப் பார்த்தா நல்ல துண்டா தேடி எடுத்து வெட்டுறான். தையக்கார டீனா பிடிச்ச கையை விட மாட்டேங்குறா. என் தங்கச்சி பல்மீரா, என்கூடச் சண்டை போடாம ஒரு நாள் இருந்தவ இல்லை. இப்ப நான் என்ன சொன்னாலும் 'சரிக்கா, சரிக்கா'ங்குறா. ஊரே என்னைப் பாவமாப் பாக்குது. ஏன்?"

"உனக்குப் பிரமை."

"எனக்குத் தெரியாதது ஊருக்குத் தெரிஞ்சிருக்கு. பட்டு வாங்கப் போறேன்னு கோமோவுக்குக் கிளம்புற, வெறுங்கையோட வர்ற. பட்டறையிலேர்ந்து கண்ணு செவந்து வர்ற, கேட்டா மரத்தூள்ங்குற. கேட்டதையெல்லாம் திடீர்னு ஒரு ஆம்பளை செஞ்சு குடுக்குறான்னா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, வெளியில ஒருத்தி இருக்கணும். இல்லேன்னா..."

சட்டென்று நிறுத்தினாள். எதையோ எட்டிப் பார்த்துவிட்டவள்போல் முகம் வெளுத்தது. அவனையே உற்றுப் பார்த்தாள்.

ஃபெர்மோ துணிப்பொதியைக் கீழே வைத்தான்.

"ஒருத்தி இருக்கா," என்றான்.

"யாரு?"

"உனக்குத் தெரியாது."

"பேரு?"

அவன் சன்னல் பக்கம் பார்த்தான். "கார்லா."

"ஊரு?"

"லெக்கோ."

"லெக்கோவா! கோமோன்னு சொல்லிட்டு லெக்கோவுக்கா? மீன் நாத்தம் பிடிச்ச ஊருல போயா உனக்கு ஒருத்தி கிடைச்சா?"

துணிப்பொதியை எடுத்து வீசினாள். அது அவன் காதை உரசிக்கொண்டு போய்க் கதவில் மோதி, பூங்கொடிமேல் அப்படியே ஒட்டிக்கொண்டது.

"பாரு, காயலை!" என்று கத்தினாள். "அவளுக்கும் சோபா செஞ்சியா?"

"இல்லை."

"சத்தியமா?"

"உன்மேல சத்தியமா."

"என் பேரை இழுக்காத, படுபாவி!"

அடுத்து அழுவாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பல்மீரா வீட்டுக்குப் போவாள் என்று அவன் நினைத்தான். அவளோ புதுச் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். நீளமாக மூச்சு விட்டாள்.

"நான் என்னென்னமோ நினைச்சுட்டேன், தெரியுமா? எனக்குத்தான் ஏதோ பெருசா வந்திருச்சு, எல்லாரும் சேர்ந்து மறைக்கிறீங்கன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியில வெறும் பொம்பளை விவகாரம்! எனக்குப் பசிக்குது. உன் லெக்கோக்காரி வந்து ஆக்கிப் போடுவாளா, இல்லை நானே எழுந்திருக்கணுமா?"

"நானே செய்றேன்," என்று ஃபெர்மோ அடுப்படிக்குப் போனான்.

கோமோவின் பெரிய ஆஸ்பத்திரியில் இர்மாவுக்குத் திராட்சை அறுப்பு வரைதான் ஆயுள் என்று ஃபெர்மோவிடம் சொல்லியிருந்தார்கள். இர்மா அதுவரைகூட இருக்கவில்லை, ஆனால் இருந்த நாளெல்லாம் அந்தச் சோபாவில் உட்கார்ந்து லெக்கோக்காரியைத் திட்டிக்கொண்டே காப்பி குடித்தாள். லெக்கோவில் தனக்கு ஒருத்தரையும் தெரியாது என்று அடக்கம் முடிந்த பிறகு பல்மீராவிடம் ஃபெர்மோ சொன்னான். அவள் நம்பவில்லை, இன்றும் பூசைக்குப் போகும் வழியில் அவனைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுகிறாள்.